ஈயத்துக்கு ஒரு கசாயம்

கொதி வந்துருச்சு. அடுப்ப அணைக்கணும். அணைக்கறது ஒண்ணும் பெரிய வேலையில்ல, குமிழத் திருப்பினா ஆச்சு, ஆனா கை போகமாட்டேங்குது, ஏன்னா அணைச்சிட்டா அண்ணன் வந்து கசாயம் எங்க புள்ளன்னு கேக்கும், கேட்டா எதாவது சொல்லியாகணும், எரிஞ்சிட்டே இருந்தா கொதிக்குதுண்ணா இருன்னு சொல்லிட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாம். எத்தன நேரம். தண்ணி சுண்டற வரைக்கும். ரெய்ஷி காளான் கொதிக்கறப்ப ஒரு வாசம் வருமே, மழையில நனைஞ்ச மரக்கதவாட்டம், அடியில கொஞ்சம் இரும்பாட்டம், எனக்கு அது அவ்வளவு புடிக்கும், தினமும் இந்நேரம் மூடியத் தொறந்து மொகத்தையே உள்ள விட்டு இழுப்பேன், செவப்புங் கருப்புமா அந்தத் தண்ணி எறங்கறதப் பாக்கறப்ப ஏதோ நானே கண்டுபுடிச்சாப்புல ஒரு இது. இன்னிக்கு மூடியத் தொறக்கல. மூக்கு மட்டும் தானா தேடுது. அந்த இரும்பு வாசம் ஈயமா இருக்குமோ. லூசு, ஈயத்துக்கு வாசம் கெடையாது. நானே சொல்லியிருக்கேனே, வாட்ஸ்அப் குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டப்ப, ஈயத்துக்கு வாசம் இல்லைங்க, நெறம் தெரியாதுங்க, சத்தமில்லாம உள்ள போய் எலும்புல உக்காந்துக்குங்கன்னு, என்னா ஒரு குரல்ல சொன்னேன், எங்க அண்ணி கூட பனியன் கம்பெனிக்குக் கெளம்பிட்டே நின்னு கேட்டுட்டு நீ டீச்சருக்குப் போயிருக்கலாம் நர்மதான்னு சொன்னாங்க. போன் மினுக்குது. குரூப்புல இருக்கற ஓசூர் அக்கா ஒருத்தங்க. 'சிஸ்டர், எங்க வீட்டுக்காரரு பட்டறையில ஈயம் உருக்கறாரு, உங்க காளான் பவுடர் ஒரு டப்பா அனுப்புவீங்களா?' வணக்கம் அக்கான்னு டைப் பண்றேன். அடுத்தது என்ன டைப் பண்றதுன்னு தெரியல. அக்காங்கற வரைக்கும் வெச்சிட்டு மிச்சத்த அழிச்சிட்டு, அப்பறம் அக்காவையும் அழிச்சிட்டேன். உள்ள தன்யா பாயில சுருண்டு படுத்துக்கிட்டு சுவத்தப் பாத்துட்டிருக்கா, வயிறு வலிக்குதுன்னு இன்னிக்கும் ஸ்கூலுக்குப் போகல. அண்ணன் பொண்ணு, ஒண்ணாங்கிளாஸ், முந்தி ஒரு எடத்துல உக்காரமாட்டா.

மகேஸ்வரி மேடத்துக்கு போன் பண்ணியிருக்கவே கூடாது. இல்ல, முன்னாடியே பண்ணியிருக்கணும். காளான் பயிற்சியில எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க, நல்லா சிரிப்பாங்க, எதக் கேட்டாலும் மொதல்ல சிரிச்சிட்டுத்தான் பதில். நான் கேட்டது வேற. மரத்தூள் பெட்டுல காளான் வித்து பரவமாட்டேங்குது மேடம், ஓரமெல்லாம் மஞ்சளா நிக்குது, ஏன்னு. அவங்க, மரத்தூள எதுல ஊற வைக்கறேன்னாங்க. டிரம்முல மேடம். என்ன டிரம்மு. நீல டிரம்மு மேடம், எங்கண்ணன் கம்பெனியில இருந்து கொண்டாந்துச்சு, கடையில வாங்குனா வெல ஜாஸ்தின்னு, மேல பாதிய அறுத்து, சோப்பு போட்டு, புளி போட்டு, வெயில்ல காய வெச்சு, செம கிளீன் மேடம். நான் பெருமையா வேற சொல்லிட்டிருந்தேன். அவங்களுக்குச் சிரிப்பு வரல. உங்கண்ணன் என்ன கம்பெனிம்மா. பழைய பேட்டரி ஒடைக்கற ஷெட்டு மேடம். அது ஆசிட் டிரம்மா. ஆமா மேடம், ஆனா கழுவியாச்சே. ஏம்மா, காளான் எதையும் விடாதுன்னு மொத நாளே சொன்னனே, தூள்ல என்ன ஊறுதோ அது காளானுக்கு வரும், காய வெச்சா இன்னும் கூடும், அத நீயும் சாப்பிடாத யாருக்கும் குடுக்காத, ஒரு பாக்கெட் எடுத்துட்டு வா, டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். சரிங்க மேடம்னேன். யாருக்காவது குடுத்திருக்கியான்னு கேட்டாங்க. இல்லைங்க மேடம்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன். வாய் அதுவா சொல்லுச்சு. வெச்சதுக்கப்பறம் ஓடிப்போயி டிரம்மப் பாத்தேன், கொல்லப்பக்கம் பாதி தண்ணியோட நிக்குது, உள்ள வெரல வெச்சுத் தேய்ச்சா அடியில ஒரு சாம்பக் கலர், வழவழன்னு, பாசின்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தன நாளா. பாசி பச்சையா இருக்கும்டீ. நீ படிச்சது மைக்ரோபயாலஜி.

படிச்சதுதான் வினை. அண்ணனுக்கு மணிக்கட்டு தொங்க ஆரம்பிச்சுது, பைக் கிளட்ச்சப் புடிக்கவே செரமப்பட்டுச்சு, பல்லு ஈறுல கோடு போட்டாப்புல ஒரு நீலம், எதுக்கெடுத்தாலும் அண்ணி மேல எரிஞ்சு விழறது, டாக்டர் ரத்தத்தப் பாத்துட்டு ஈயம் ஏறியிருக்குன்னாரு, வேலைய விடுங்க, அதுக்கப்பறம் மருந்தப் பத்திப் பேசலாம்னாரு. அண்ணன் வெளிய வந்து, வேலைய விடச் சொல்றதுக்கு டாக்டர் வேணுமா, அதுக்கு எங்க மாமனாரே போதும்னு சிரிச்சுது. அன்னிக்கு ராத்திரி பூரா நான் போனோட முழிச்சுக் கெடந்தேன். காளான்தான் நான் ஏற்கனவே வளக்கறேனே, சிப்பிக்காளான், ஓட்டலுக்குப் போடறது. ஈயம், காளான்னு ரெண்டையும் சேத்துத் தேடுனா, ஐயோ, என்னென்ன வருது, ரெய்ஷி குடுத்த எலிக்கு ஈரல்ல ஈயம் கொறஞ்சுது, கிட்னி தாங்குச்சு, அப்பறம் கெட்டுப்போன மண்ணுல காளான் வித்தப் போட்டா அது மண்ணுல இருக்கற ஈயத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துருது. அதப் படிச்சப்ப எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுது, நெஜமா, எந்திரிச்சு உக்காந்துட்டேன், விடிஞ்சதும் ரெய்ஷி வித்துக்குச் சொல்லிட்டேன். மண்ணுல இருக்கறத உறிஞ்சும்னா ஒடம்புல இருக்கறத உறிஞ்சாதா. இதத்தான் சொன்னேன் எல்லாருக்கும். இதே வாயால. மண்ணுல இருக்கறதையே உறிஞ்சுதுங்க. உறிஞ்சுதுன்னா எங்க போகுது. உறிஞ்சுனது காளானுக்குள்ளதான இருக்கும். அந்தக் காளான யாரு திங்கறது. இது ஏன் எனக்குத் தோணல, ஒரு தடவ கூட, எத்தன பேர்கிட்டச் சொல்லியிருப்பேன், எவனாவது ஒருத்தன் கேட்டிருக்கலாமில்ல, அப்ப அந்தக் காளான் விஷந்தானே சிஸ்டர்னு, எல்லாரும் கை கும்பிடற பொம்ம போட்டாங்க.

ஆனா எறங்குச்சே. அதுதான் முள்ளாட்டம் நிக்குது. அடுத்த டெஸ்ட்டுல அண்ணனுக்கு ஈயம் எறங்குச்சு, டாக்டரே பரவால்லயேன்னாரு. நான் வீட்டுக்கு வந்து வீடியோ எடுத்துப் போட்டேன், அண்ணன் டம்ளரத் தூக்கிக் காட்டிட்டு எங்க தங்கச்சி காளான் ராணிங்குது, தன்யா பின்னாடி ஆடிட்டிருக்கா. சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம், என் வாழ்க்கையில எதுவும் அப்படிப் பலிச்சதில்ல. எறங்குச்சா இல்லையா, எறங்குச்சுல்ல. இப்ப அடுப்படியில நின்னுட்டு அந்த மாசத்த ஞாபகப்படுத்திப் பாக்கறேன். அண்ணன் ஏணி மேல நின்னு காளான் ரூமுக்குச் சாக்கு கட்டிட்டிருக்கு. மத்தியானத்துல. மத்தியானம் எப்படி வீட்டுல இருந்துச்சு. தன்யாவ ஸ்கூல்ல விட்டுட்டு வந்துச்சு, காலையில. அட, ஷெட்டு மூடியிருந்துச்சு. உருக்கற அடுப்பு வெடிப்பு விட்டுருச்சுன்னு மொதலாளி அந்த மாசம் பூரா மூடியிருந்தாரு. அண்ணன் அந்த மாசம் ஈயத்துப் பக்கமே போகல. அதுக்குத்தான் எறங்கியிருக்கு. என் கசாயத்துக்கு இல்ல. கசாயம் குடிச்சும் எறங்கியிருக்கு. அப்ப குடிக்காம இருந்திருந்தா. ஐயோ. இத நான் கணக்குலயே எடுக்கல, எலிய எல்லாம் கூண்டுல வெச்சு ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கறாங்க, எதனால எறங்குச்சுன்னு ஒண்ணொண்ணாக் கழிச்சுப் பாக்கறாங்க, எனக்குக் கெடச்சது ஒரே ஒரு அண்ணன், அதையும் ஏணியில ஏத்திவிட்டுட்டு நான் வீடியோ எடுத்துட்டிருக்கேன்.

அது கூடப் பரவால்ல, டிரம்மு கூடப் பரவால்லன்னு வெச்சுக்கலாம், டிரம்ம மாத்திரலாம், புதுசு வாங்கி, நல்ல தூளு, நல்ல தண்ணி, மறுபடி மொதல்ல இருந்துன்னு மனசு அதுக்குள்ள ஓடுது பாரு, வெக்கமே இல்லாம, புது டிரம்முல ஊற வெச்சா வேல செய்யும்ல, எலிக்குச் செஞ்சுதுல்லன்னு. நில்லு. நில்லுடீ. அண்ணன் என்ன பண்ணுச்சு, அதச் சொல்லு. மொதல்ல டாக்டர் சொன்னதுக்குப் பயந்துட்டு ஷெட்டுலயே குளிச்சு வேற சட்ட போட்டுட்டுத்தான் வரும். வேல சட்டையக் கவர்ல கட்டி அங்கயே வெச்சிரும். மாஸ்க்கு போடும், வேர்வையில மொகமெல்லாம் புண்ணாகும், ஆனாலும் போடும். தன்யா ஓடியாந்தா, கை கழுவிட்டு வர்றேன் சாமி தள்ளி நில்லுன்னு சொல்லும். அதெல்லாம் எப்ப நின்னுச்சு. வீடியோவுக்கு அப்பறம். ஒரு நாள் அப்படியே அந்தச் சட்டையோட வந்து எறங்குச்சு, அண்ணி கேட்டதுக்கு, ஷெட்டுல தண்ணி வரலன்னுச்சு. அடுத்த நாள் தண்ணி வந்திருக்கும். அதான் உன் நாத்தனா மருந்து குடுக்கறாளே, அது கழுவிரும் உள்ளயேன்னுச்சு. நானும் நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். எனக்கு, சொன்னா அசிங்கம், பெருமையா இருந்துச்சு. அண்ணி அவங்க தம்பிகிட்டச் சொல்லி பால் வண்டி ஓட்டற வேல பாத்து வெச்சாங்க, அதுக்கும் இதே பதில்தான், ஒடம்பு நல்லாத்தான இருக்குது, எதுக்கு மாறணும். போன வாரம் டாக்டர் ஏறியிருக்குன்னாரு, மொத தடவயவிட மேல. கொழந்தையையும் கூட்டிட்டு வாங்க, வயித்து வலி, சாப்பிடமாட்டேங்கறா, சத்தும் கம்மியா இருக்கும், ரத்தம் பாத்திரலாம்னாரு. கொழந்தைங்களுக்கு அது மூளைக்குப் போகும்னு அவரு சொல்றப்ப அண்ணன் செருப்பப் பாத்துட்டிருந்துச்சு. பைக்குல வர்றப்ப பின்னாடி இருந்த எங்கிட்ட, ஊசி குத்துனா அழுவா புள்ள, அவளுக்கும் தெனம் ஒரு டம்ளரு சேத்திக் குடுத்துரு. நான் குடுத்தேன். சக்கர போட்டு. கசக்குதுன்னு மூக்கப் புடிச்சுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, எனக்காகக் குடிச்சா.

"அத்த, ரெடியா?" வாசப்படியில வந்து நிக்கறா, பாவாடையப் புடிச்சுக்கிட்டு, கன்னத்துல பாய்க்கோடு. இன்னும் இல்ல சாமிங்கறேன். "இன்னிக்கு அப்பாவுக்கு முன்னாடி நாங் குடிக்கறேன், வயிறு சரியாயிரும்ல, நீதான சொன்ன." அடுப்ப அணைச்சிட்டேன். கை அதுவா போயிருச்சு. இன்னிக்குக் கசாயம் இல்லடா தங்கம், பால் குடிக்கறியாங்கறேன். ஏன் இல்லங்கறா. ஆவி வருதே, இருக்குதேங்கறா. கொழந்தைகிட்டப் பொய் சொல்ல முடியல, அதுவும் அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டு. இது கெட்டுப்போச்சு கண்ணுங்கறேன். கொதிச்சா எப்படிக் கெட்டுப்போகுங்கறா. போயி படு போங்கறேன், கொஞ்சம் சத்தமாவே வந்துருச்சு, ஒதட்டப் பிதுக்கிட்டுப் போயிட்டா. பாத்திரத்தத் தூக்கிட்டு நிக்கறேன். எங்க ஊத்தறது. தொட்டியில ஊத்துனா கொழா வழியா கொல்லைக்குப் போகும், அங்க கருவேப்பில நிக்குது, அத யாரு திங்கறது, நாமதான். சாக்கடையில ஊத்துனா பக்கத்து வீட்டு ஆடு. எங்கயும் ஊத்த முடியல. இத ஊத்தறதுக்கு இந்த ஊர்ல எடமே இல்ல, ஒரு புள்ள வயித்துல ஊத்தறதுக்கு மட்டும் எடம் இருந்துச்சு. மூடியப் போட்டு ஒரு கவர்ல வெச்சுக் கட்டி, தன்யாவுக்கு எட்டாத மாதிரி சிலிண்டருக்குப் பின்னாடி தள்ளிட்டேன். கையக் கழுவறேன். கழுவிட்டே இருக்கேன். அண்ணன்கிட்ட என்ன சொல்றது. காளான் தீந்துருச்சு, அடுத்த மாசந்தான் வரும்னு சொல்லலாம். பூஞ்சை புடிச்சுருச்சு, அதான் கொட்டிட்டேன்னு சொல்லலாம், காளானே ஒரு பூஞ்சைதான, அதுல பொய் கூட முழுசா இல்ல. மேடம் ஒரு மாசம் நிறுத்தச் சொன்னாங்கன்னு சொல்லலாம். சொன்னா என்ன பண்ணும், சரி புள்ள அடுத்த மாசம் குடுன்னுட்டு நாளைக்கும் அதே சட்டையோட ஷெட்டுக்குப் போயிட்டு அதே சட்டையோட வந்து இவளத் தூக்கும். கசாயத்த நிறுத்தறதுல ஒண்ணுமே இல்ல. அண்ணனோட அந்த நம்பிக்கையத்தான் நிறுத்தணும், அத எப்படி நிறுத்தறது, அத வளத்துவிட்டது நான், தெனமும் தண்ணி தெளிச்சு, இருட்டுல வெச்சு. போன் மறுபடி மினுக்குது. ஓசூரக்கா. 'சிஸ்டர் இருக்கீங்களா?' ஈரக்கையோட டைப் பண்றேன். 'இல்லக்கா. பவுடர் வேண்டாம். அது ஈயத்துக்குக் கேக்காது. வீட்டுக்காரர டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. பட்டறை சட்டையோட வீட்டுக்குள்ள விடாதீங்க.' அனுப்பிட்டேன். மொகந் தெரியாதவங்ககிட்ட எவ்வளவு சுலுவா வருது. ரெண்டு நீலக் கோடு விழுந்துருச்சு. இவளும் ஏமாத்துக்காரிதான்னு நெனப்பாங்களோ. நெனக்கட்டும்.

பைக்கு சத்தம். சந்து திரும்பற எடத்துல ஒரு இருமல் இருமும் அந்தப் பைக்கு. தன்யா எந்திரிச்சுட்டா, வயித்து வலியெல்லாம் எங்க போச்சோ, அப்பான்னு ஓடறா, தெனமும் இதேதான், கேட்டத் தொறந்து, பைக்குல இருந்து எறங்கறதுக்குள்ள கழுத்தக் கட்டிக்குவா, அந்தத் தோள்பட்டையில மொகத்தத் தேய்ப்பா, அது அப்படியே தூக்கிட்டு வரும், நான் டம்ளரோட நிப்பேன். நான் ஓடறேன். எனக்கே தெரியாம ஓடறேன், வாசல்ல செருப்பு தடுக்குது, அவ கேட்டத் தொறக்கறதுக்குள்ள இடுப்பப் புடிச்சுத் தூக்கிட்டேன், கத்தறா, காலால என் முட்டிய ஒதைக்கறா. அண்ணன் கேட்டுக்கு அந்தப்பக்கம் பைக்க ஸ்டாண்டு போட்டுட்டு, "என்ன புள்ள, ரெண்டு பேருக்கும் சண்டையா?"ன்னு சிரிக்குது. அந்தச் சிரிப்புல ஈறு தெரியுது. சட்டையில நெஞ்சு பூரா சாம்பல். தீந்துருச்சுண்ணா, அடுத்த மாசம்ணா, எல்லாம் வாய்க்கு வந்து வந்து போகுது. "உள்ள வராதண்ணா"ங்கறேன். "ஏன், வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா?" "அண்ணா, கசாயம் வேல செய்யல." "கசப்பு பத்தலயா?" "செய்யவே இல்லண்ணா. எப்பவுமே செய்யல. அப்ப எறங்குனது ஷெட்டு மூடியிருந்ததுக்கு எறங்குச்சு. நீ குடுத்தியே டிரம்மு, ஆசிட் டிரம்மு, அதுல ஊறுன தூள்ல மொளச்ச காளான்ணா அது. அதுலயும் ஈயம் இருக்குங்கறாங்க. நான் உனக்குக் குடுத்தேன். இவளுக்கும் குடுத்தேன்." அண்ணனுக்குச் சிரிப்பு மொகத்துல அப்படியே இருக்கு, எடுத்துட்டுப் போக மறந்தாப்புல. "யாரு சொன்னா?" "மேடம் சொன்னாங்க. மேடம் சொல்லாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." "வீடியோ எல்லாம் எடுத்தியே புள்ள." "எடுத்தேன்." "ஷெட்டுல பசங்களுக்கெல்லாம் காட்டுனேன். அவனுங்களும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டானுங்க." "தெரியும்ணா." "அப்ப இத்தன நாளா நான் எத நம்பி..." தொங்குன மணிக்கட்டோட கேட்டுக் கம்பியப் புடிச்சிருக்கு, திட்டும்னு நிக்கறேன், திட்டுனா நல்லாருக்கும், அடிச்சாக் கூட. தன்யா ஒதைக்கறத நிறுத்திட்டா. ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கறா. அப்பறம் என் தோள்மேல இருந்து கைய நீட்டுறா, தெனமும் நீட்டறாப்புல, "தூக்குப்பா." அண்ணன் கையும் பழக்கத்துல பாதி தூரம் வந்துருச்சு. வந்த கையப் பாத்துச்சு. வெரல்ல, நகத்துல, ரேகையில. மெதுவா பின்னாடி இழுத்துக்கிட்டு, ரெண்டடி தள்ளிப் போயி, தெருவுல நின்னு சட்ட பட்டனக் கழட்ட ஆரம்பிச்சுது, வெரலு சொன்ன பேச்சக் கேக்காம ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம், எதுத்த வீட்டுக்காரங்க பாக்கறாங்க, பாக்கட்டும்னு கழட்டுது, தல குனிஞ்சிருக்கு, குரல் மட்டும் வருது, "அங்கயே இரு சாமி. அத்தகிட்டயே இரு. அப்பாகிட்ட வராத."